மடிப்புக் கலையாத கைக்குட்டை

ஆறு வருஷம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் வீட்டுக்குத் திரும்பிய அன்று, கதவைத் திறந்த அண்ணன் என் பையை வாங்கவில்லை, எப்படி இருக்கிறாய் என்றும் கேட்கவில்லை. குனிந்து என் சட்டைக் காலரை முகர்ந்து பார்த்தான். “இதை நாலு தடவை துவைக்கணும்” என்றான். அதற்குப் பிறகுதான் “வாடி” என்றான்.

என் அண்ணன் அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே தன் சீருடையைத் தானே துவைத்துக்கொள்வான். அம்மா துவைத்ததை மறுபடி துவைப்பான். அம்மா இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தாள். அவன் அவளுடைய புடவைகளையும் எடுத்துத் துவைத்துப் போட்டதும், கோபித்துக்கொள்வதில் ஒரு லாபமும் இல்லை என்று கண்டு பேச ஆரம்பித்தாள்.

இப்போது அவன் பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் இருக்கிறான். பதினோரு வருஷமாகிறது. எல்லாருக்கும் அவன் ‘இஸ்திரி’. சட்டையில் ஒரு சுருக்கம் இல்லாமல் நடப்பான். அடுத்து எங்கே போவது என்று எனக்குத் தெரியாமல் இருந்ததால் அங்கேயே டிராலி தள்ளும் தற்காலிக வேலை ஒன்றை எனக்கும் வாங்கிக் கொடுத்தான். அதனால் இந்தக் கதையில் பாதியை நான் டிராலிக்குப் பின்னால் நின்று நேரிலேயே பார்த்தேன்.

சலவைப் பிரிவு கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் அழுக்குத் துணி வந்து இறங்கும், மறு பக்கம் சுத்தத் துணி வெளியே போகும். நடுவில் ஆள் உயர இயந்திரங்கள், நீராவி, காது அடைக்கும் இரைச்சல், இஸ்திரி உருளை முன்னால் நிற்கும் எட்டுப் பெண்கள். அவர்களுடைய வாய் இயந்திரத்தைவிட வேகமாக ஓடும்.

அங்கே துணியில் கறை போனால் மட்டும் போதாது, வாசமும் போக வேண்டும். மனிதர்கள் பிறவியிலேயே மூன்று வகை: ஆல்ஃபா, பீட்டா, ஒமேகா. நானும் அம்மாவும் பீட்டாக்கள். எங்களுக்கு மூக்கு இருப்பது மூச்சு விடவும் சளி பிடிக்கவும்தான். ஆல்ஃபாக்களுக்கும் ஒமேகாக்களுக்கும் அப்படியில்லை. ஆளுக்கொரு வாசத்தோடு பிறக்கிறார்கள், அடுத்தவர் வாசத்தைப் பத்தடி தள்ளியே கண்டுபிடிக்கிறார்கள். அறுவை சிகிச்சை முடிந்து மயங்கிக் கிடப்பவருக்கு யாரோ ஒரு ஆல்ஃபாவின் வாசம் ஒட்டிய விரிப்பைப் போட்டால் அவருக்கு நாடி எகிறும், தூக்கம் வராது. அண்ணன் ஒமேகா. வரிசையின் கடைசியில் நின்று விரிப்புகளை எடுத்து மூக்கில் வைத்துப் பார்ப்பான். துளி வாசம் இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவான். “உன் மூக்குல இடி விழ” என்று உருளைப் பெண்கள் தினமும் வாழ்த்துவார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஒருவர் வாசம் இன்னொருவர் மேல் இரண்டு விதமாக ஏறும். அவருடைய துணியைப் போட்டுக்கொண்டால் ஒட்டும். ஒரு முறை துவைத்தால் போய்விடும். மனசு சேர்ந்துவிட்டால் உடம்பிலிருந்தே கிளம்பும், காற்றில் நிற்கும், துணியில் ஒட்டாது. அதை எந்தச் சோப்பும் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டையும் மூக்கால் பிரித்தறிய முடியாது. தன் மேல் ஏறியிருப்பது தனக்கே தெரியாது, மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். முப்பத்தைந்து வயதுவரை அண்ணன் மேல் எதுவும் ஏறவில்லை. அம்மாவுக்கு அது பெரிய குறை. அவனுக்கு இல்லை. அவனுடைய குறை வேறு.

நான் வந்த மாதம் சலவை மேற்பார்வையாளர் ஓய்வு பெறவிருந்தார். அந்த வேலையை உண்மையில் பல வருஷமாகச் செய்துகொண்டிருந்தது அண்ணன்தான். எந்த இயந்திரம் எப்போது இருமும் என்றுகூட அவனுக்குத் தெரியும். ஆனால் மேற்பார்வையாளரிடம்தான் பாய்லர் அறைச் சாவி இருக்கும். துணையில்லாத ஒமேகாவிடம் அந்தச் சாவியைக் கொடுப்பதில்லை என்பது அங்கே பழக்கம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒமேகாக்களுக்குப் பருவம் வரும். நாலு நாள் காய்ச்சல் கண்டது போல வீட்டில் படுத்திருப்பார்கள். துணை இருந்தால் அது அடக்கமாக வந்து போகும், இல்லாவிட்டால் புத்தி தடுமாறி பாய்லரை வெடிக்க வைத்துவிடுவார்கள் என்று ஆல்ஃபாவான மேலாளர் மனதார நம்பினார். விண்ணப்பப் பாரத்தில் ‘துணை உண்டா?’ என்று ஒரு கட்டமே இருந்தது. அந்தக் கட்டத்தால் அண்ணனுக்கு ஏற்கெனவே ஒரு முறை இந்த வேலை கைநழுவிப் போயிருக்கிறது. இந்த முறையும் போனால், வேலை மேலாளரின் மைத்துனருக்குத்தான். ஸ்டோரில் உட்கார்ந்திருக்கும் அவரை ஆஸ்பத்திரியே ‘மச்சான்’ என்று கூப்பிடும். துணியைப் பற்றி அவருக்குத் தெரிந்தது, அதை உடுத்திக்கொள்ள வேண்டும் என்பது ஒன்றுதான்.

அந்த வெள்ளிக்கிழமை லிஃப்ட் மேடம் தன் வேலை உடுப்பைச் சலவைக்குப் போட வந்தாள். ஆறு லிஃப்டுகளையும் பழுது பார்ப்பவள். ஆல்ஃபா. அகன்ற தோள், குறைந்த பேச்சு. அவளுடைய உடுப்பில் ஏறும் கிரீஸை எடுக்கத் தெரிந்தவன் அந்தக் கட்டடத்தில் அண்ணன் ஒருவன்தான்.

“என்ன இஸ்திரி சார், மூஞ்சி மட்டும் கசங்கிக் கிடக்கு?”

“பாரத்துல ஒரு கட்டம் மேடம். டிக் போட ஆள் இல்லை.”

அவள் பாரத்தை வாங்கிப் படித்தாள். “இவ்வளவுதானா? என்னைப் போடுங்க.”

“உங்களையா?” அண்ணன் குரல் கீச்சென்றது. “போட்டுட்டா ஆச்சா? மேலாளர் மோந்து பார்ப்பாரு.”

கழுத்தில் வேர்வைக்குக் கட்டியிருந்த நீலக் கைக்குட்டையை அவிழ்த்து மேஜைமேல் வைத்தாள். “இந்தாங்க. திங்கக்கிழமைக்குத் திங்கக்கிழமை ஒரு கர்சீஃப் தரேன். ஒரு வாரம் நான் கட்டினது. நேர்காணல் வரைக்கும் ஆறு வாரம்தானே?”

“உங்களுக்கு எதுக்கு இந்த வம்பு?”

“எங்க அக்கா ஞாயித்துக்கிழமை ஆனா ஒரு வரனோட வந்து நிக்கிறா. ஆள் இருக்குன்னு சொன்னா தூங்கவாவது விடுவா.”

டிராலிக்குப் பின்னால் நான் சிரிப்பை அடக்க முடியாமல் துணிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அது அழுக்குத் துணி டிராலி. அதையும் சொல்ல வேண்டும்.

அம்மாவிடம் உண்மையைச் சொல்வதில்லை என்று முடிவாயிற்று. அம்மாவிடம் கொடுத்த ரகசியம் பிழியாத துணி மாதிரி. போகிற இடமெல்லாம் சொட்டும். அதனால் அண்ணனுக்கு ஆள் கிடைத்துவிட்டது என்று அவளும் நம்பினாள். நம்பியவள் சும்மா இருப்பாளா? அடுத்த ஞாயிற்றுக்கிழமையே லிஃப்ட் மேடத்தைச் சாப்பிடக் கூப்பிட்டாள்.

“எப்படிம்மா பழக்கம் உங்களுக்குள்ள?” என்றாள், சோறு போட்டுக்கொண்டே.

“லிஃப்டுல” என்றான் அண்ணன்.

“துணி போடற இடத்துல” என்றாள் அவள், அதே நொடியில்.

அம்மா கரண்டியோடு நின்றாள்.

“லிஃப்டுல துணி போட்டோம்” என்றான் அண்ணன்.

நான் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டேன். திரும்பி வந்தபோது லிஃப்ட் மேடம் மண்டியிட்டு உட்கார்ந்து சமையலறை அலமாரிக் கதவின் கீலைக் கழற்றிக்கொண்டிருந்தாள். ஒன்பது வருஷமாகக் கத்திக்கொண்டிருந்த கதவு. ஐந்து நிமிஷத்தில் அது வாயை மூடியது. அம்மா அதை இருபது தடவை திறந்து மூடிப் பார்த்தாள். அத்தோடு விசாரணை முடிந்தது. சாப்பிட்ட தட்டை லிஃப்ட் மேடம் தானே கழுவி வைத்தாள். அண்ணன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மறுபடி கழுவினான். அவள் அதைப் பார்த்துவிட்டாள். அடுத்த ஞாயிறும் வந்தாள். தட்டைக் கழுவி நேராக அவன் கையில் கொடுத்தாள். “பிடிங்க. ரெண்டாவது ரவுண்டு.”

நாடகம் என்று தெரிந்த எனக்கே அந்த ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்துப்போயின.

இரண்டாவது வாரமே உருளைப் பெண்கள் மூக்கை உறிஞ்ச ஆரம்பித்துவிட்டார்கள். மழை நின்றதும் சூடான சிமெண்டுத் தரையிலிருந்து ஒரு வாசம் கிளம்புமே, லிஃப்ட் மேடத்தின் வாசம் அதுதானாம். “என்ன இஸ்திரி, வெளியில வெயில் கொளுத்துது, உள்ள மழை பெய்யுது?” என்பார்கள். அண்ணன் காது சிவந்து விரிப்புக்குள் மறைவான். எனக்குச் சோப்புத்தூள் வாசம் மட்டும்தான் தெரிந்தது. மேலாளர் ஒரு நாள் கீழே வந்து, மூக்கை உயர்த்தி, “நல்லது, நல்லது” என்று சொல்லிவிட்டுப் போனார். என் மூக்கு பொய் சொல்லாது என்பது அவர் அடிக்கடி சொல்லும் வசனம்.

“ஒரு கர்சீஃபுக்கு இவ்வளவு சக்தியா?” என்று அண்ணன் தன் கழுத்தில் கட்டியிருந்த கைக்குட்டையைத் தொட்டு என்னிடம் ஆச்சரியப்பட்டான். “சனிக்கிழமை ஆனாக்கூட வாசம் குறையலைன்னு சொல்றாங்க.”

நாலாவது வாரம் அவனுடைய பருவ நாட்கள் வந்தன. வழக்கம்போல ஒரு மாதம் முன்னாலேயே யார் யார் எந்த இயந்திரம் என்று எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டுத்தான் படுத்தான். நாலு நாளும் சலவைப் பிரிவு அந்தக் காகிதத்தைப் பார்த்தே ஓடியது. பாய்லர் தன்பாட்டுக்கு முணுமுணுத்துக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் லிஃப்ட் மேடம் எங்கள் வீட்டு வாசல்வரை வந்து, உள்ளே வராமல், என் கையில் ஒரு பொட்டலத்தைக் கொடுத்தாள். துணியில் கறை தேடும்போது போட்டுக்கொள்ள அவளே கம்பி வளைத்துச் செய்த விளக்கு, கழுத்தில் மாட்டிக்கொள்ளலாம். “காரணம் ஒண்ணுமில்லை. கம்பி மிச்சம் இருந்துச்சு” என்றாள். எனக்கு மூக்குதான் இல்லை. கண் இருக்கிறது.

ஆறாவது திங்கட்கிழமை. நேர்காணலை மாடியில் வைக்காமல் சலவைப் பிரிவிலேயே வைத்தார்கள். மூன்று பேர் வந்தார்கள். மேலாளர், பெரிய சிஸ்டர், பெரிய டாக்டர். பெரிய சிஸ்டர் ஒமேகா. அந்த ஆஸ்பத்திரியிலேயே கூர்மையான மூக்கு அவருடையது. பெரிய டாக்டர் பீட்டா, அதிலும் வருஷம் முழுக்க ஜலதோஷம். மச்சானும் கூடவே வந்தார், போட்டியாளர் என்ற முறையில் புதுச் சட்டை போட்டுக்கொண்டு.

மேலாளர் பாரத்தைப் பார்த்தார், அண்ணனைச் சுற்றி ஒரு முறை நடந்தார், மூச்சை இழுத்தார். “துணை, உண்டு. சந்தேகமே இல்லை.”

“சந்தேகம் இருக்கு மாமா” என்றார் மச்சான். “திங்கக்கிழமை திங்கக்கிழமை அந்த லிஃப்ட்காரம்மா கழுத்துல இருந்து கர்சீஃபைக் கழட்டி இவர்கிட்ட குடுக்கறாங்க. என் கண்ணால பார்த்தேன். இன்னைக்குக் காலையிலகூட குடுத்தாங்க. வாசம் ஆள்கிட்ட இருந்து வரலை, அந்தத் துணியில இருந்து வருது. எல்லாம் டிராமா.”

உருளை நின்றது. யார் நிறுத்தினார்கள் என்று தெரியவில்லை. யாரோ போய் லிஃப்ட் மேடத்தைக் கூட்டிவந்தார்கள். கையில் ஸ்பானரோடு வாசலில் நின்றாள்.

“நிஜமா இஸ்திரி?” என்றார் மேலாளர்.

அண்ணன் கழுத்திலிருந்த கைக்குட்டையை அவிழ்த்தான். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், துணையே வாசலில் நிற்கிறாள். அவள் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. பதினோரு வருஷம் அவன் கண் வைத்திருந்த சாவி மேலாளர் சட்டைப் பையில் இருந்தது. நான் டிராலிக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“நிஜம்தான் சார்” என்றான். “அந்தக் கட்டத்துல நான் போட்ட டிக் பொய். மேடம் எனக்கு உதவி பண்ணாங்க. அவங்க மேல தப்பு ஒண்ணும் இல்லை.”

மச்சான் தன் புதுச் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

பெரிய சிஸ்டர் கையை நீட்டினார். “கர்சீஃபைக் குடு.” வாங்கி முகர்ந்தார். திருப்பிப் போட்டு மறுபடி முகர்ந்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு மூன்றாவது தடவை.

“இதை யாரு துவைச்சது?”

“துவைக்கலையே சிஸ்டர்” என்றான் அண்ணன்.

“துவைக்கலையா? இதுல அந்தம்மா வாசம் பொட்டுக்கூட இல்லை. சோப்பு வாசம்கூட இல்லை. உன் கழுத்து வேர்வை மட்டும் லேசா இருக்கு, அதுவும் ஒரு மணி நேரத்து வேர்வை. இவ்வளவு சுத்தமான துணியை நான் ஆபரேஷன் தியேட்டர்ல பார்த்ததோட சரி.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தினமும் காலையில் உள்ளே நுழைந்ததும் அண்ணன் கைக்கு எட்டின துணியையெல்லாம் அள்ளி முதல் லோடில் போடுவான். இரவில் அங்கே அலமாரியில் கழற்றி வைக்கும் நீலக் கைக்குட்டையும், திங்கட்கிழமை அவள் அப்போதுதான் கொடுத்ததும் உட்பட. ஆறு வாரமும் அதை என் எதிரிலேயே செய்தான். நான் அதைக் கவனிக்கவே இல்லை. அவன் துவைப்பதைப் பார்ப்பதும் மூச்சு விடுவதைப் பார்ப்பதும் ஒன்றுதான்.

“அண்ணா, நீதான் தினம் முதல் லோடுல போடறியே” என்றேன்.

“நானா?” தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், வேறு யாரோ மாட்டிவிட்டுப் போன கைகளைப் போல. “ஏன்டி சொல்லலை?”

“நீ துவைக்கறதை எல்லாம் ஒருத்தர் சொல்லிட்டிருக்க முடியுமா?”

“ஒரு நிமிஷம்” என்றார் மச்சான். அவருக்குக் கணக்கு இடித்தது. “துணியில வாசம் இல்லைன்னா, பின்ன இங்க இவ்வளவு வாசம் எங்கிருந்து வருது?”

உருளைப் பெண்களில் மூத்தவள்தான் தாங்க முடியாமல் வெடித்தாள். “எங்கிருந்து வரும்? ஆளு மேல இருந்துதான்யா வருது!”

அடித்தளமே சிரித்தது. அண்ணன் முகம் சிவப்படித்த நீராவிக் குழாய் நிறத்துக்குப் போனது. மெல்லத் தலையைத் திருப்பி வாசலைப் பார்த்தான். லிஃப்ட் மேடம் ஸ்பானரைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அதில் ஏதோ எழுதியிருப்பது போல.

“எனக்குத் தெரியும்” என்றாள், ஸ்பானரிடம். “ரெண்டாவது வாரமே தெரியும். காலையில கசங்கின கர்சீஃப்தான் குடுக்கறேன். மத்தியானம் வந்து பார்த்தா மடிப்புக் கலையாம கழுத்துல இருக்கு.”

“ஏன் சொல்லலை?”

“சொன்னா துவைக்கறதை நிறுத்திடுவீங்க. அப்புறம் எது துணி, எது நீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

மேலாளருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவர் மூக்கு பொய் சொல்லவில்லை என்றாகிவிட்டதே. சட்டைப் பையில் கைவிட்டார். “அப்போ துணை உண்டு! டிக் சரிதான். இந்தாப்பா சாவி.”

அண்ணன் கை நீட்டவில்லை.

“அதுக்காக வேண்டாம் சார்.”

“பின்ன எதுக்காக?”

“அந்தக் கர்சீஃபுக்காகக் குடுங்க. ஒரு ஆல்ஃபா கழுத்துல ஒரு வாரம் கிடந்த துணி, கிரீஸ் வேற. சிஸ்டர் மூக்குக்கே ஒண்ணும் தட்டலை. அதை நான் யோசிச்சுக்கூடச் செய்யலை. போன முறையும் எனக்குத் துணை இல்லை, துணி சுத்தமாத்தான் இருந்துச்சு. ரெண்டு வாரம் முன்னாடி நாலு நாள் படுத்துக் கிடந்தேன். பாய்லர் வெடிச்சுதா?”

அவன் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. உருளைப் பெண்களும் கேட்டதில்லை.

பெரிய டாக்டர் அவசரமில்லாமல் மூக்கைச் சிந்தினார். “எனக்கு இந்த வாசம் கீசம் ஒண்ணும் புரியலை. சிஸ்டர், இந்த வருஷம் வார்டுல இருந்து சரியில்லைன்னு திரும்பி வந்த விரிப்பு எத்தனை?”

“ஒண்ணுகூட இல்லை டாக்டர்.”

டாக்டர் மச்சான் பக்கம் திரும்பினார். “தியேட்டர்ப் பச்சைத் துணியை எவ்வளவு சூட்டுல துவைக்கணும்?”

மச்சான் யோசித்தார். “நல்ல சூட்டுல” என்றார்.

டாக்டர் மேலாளரின் பேனாவை வாங்கி, பாரத்தில் அந்தக் கட்டத்தின் மேல் குறுக்கே ஒரு கோடு, நெடுக்கே ஒரு கோடு போட்டார். “இது இனிமே பாரத்துல வரவேண்டாம். சாவியைக் குடுங்க. எனக்கு மேலே வேலை இருக்கு.” கையெழுத்துப் போட்டுவிட்டுத் தும்மினார்.

சாவி கைமாறிய சத்தத்தை உருளைப் பெண்களின் கூச்சல் விழுங்கிவிட்டது. ஒருத்தி விரிப்பை எடுத்து அண்ணன் தலைமேல் போர்த்தினாள். இன்னொருத்தி மச்சானுக்கும் ஒன்று போர்த்தினாள், ஆறுதல் பரிசாக. மச்சானே சிரித்துவிட்டார்.

இந்த இடத்தில் அவர்கள் இருவரும் லிஃப்டில் மாட்டிக்கொண்டு மனம் விட்டுப் பேசினார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அவள் பராமரிக்கும் லிஃப்ட் நிற்காது.

கூட்டம் கலைந்ததும் அவள் மேஜை அருகே வந்தாள். “ஆறு வாரம் முடிஞ்சுது. என் கர்சீஃப்?”

“துவைச்சுத் தரேன்” என்றான் அண்ணன், பழக்கதோஷத்தில். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

பெரிய விரிப்புகளை மடிக்க இரண்டு பேர் வேண்டும். அண்ணனுக்கு யார் மடித்தாலும் பிடிக்காது. அதனால் சுவரில் ஒரு கொக்கி அடித்து, ஒரு முனையை அதில் மாட்டி, மறுமுனையைத் தான் பிடித்துக்கொண்டு பதினோரு வருஷமும் தனியாகவே மடித்திருக்கிறான். அன்று கொக்கியிலிருந்து முனையை எடுத்தான்.

“மேடம், இதைக் கொஞ்சம் பிடிக்கிறியா?”

பிடிக்கிறீங்களா என்று வரவேண்டியது எப்படியோ அப்படி வந்துவிட்டது. அவன் அதைத் திருத்தவில்லை. அவள் ஸ்பானரைக் கீழே வைத்தாள், கையைத் துடைத்தாள், முனையைப் பிடித்தாள். இருவரும் விரித்து உதறி, எதிரெதிரே நடந்து வந்து, முனையை முனையோடு சேர்த்தார்கள். பின்னால் போய், மறுபடி வந்தார்கள். நாங்கள் எல்லாரும் வேலை செய்வது போல நின்றுகொண்டிருந்தோம். அவள் மடித்த பக்கம் இரண்டு விரல் கோணலாக இருந்தது. அதை அவன் பார்த்தான், அவன் பார்ப்பதை எட்டுப் பெண்களும் நானும் பார்த்தோம். இப்போது உதறிப் போட்டு மறுபடி மடிப்பான் என்று காத்திருந்தோம்.

அடுக்கில் வைத்துவிட்டு அடுத்த விரிப்பை எடுத்தான்.

வீட்டில் சொன்னபோது அம்மா அசையவில்லை. “ஆறு வாரம் நடிச்சாங்களா? போடி. அலமாரிக் கதவைச் சரிபண்ணவ யாராவது நடிப்பாளா?” என்றாள்.

மறுநாள் காலை போனதும் நான் முதலில் அந்த அடுக்கைத்தான் பார்த்தேன். கோணல் விரிப்பைக் காணோம். மனசு கேட்காமல் எடுத்துத் திருத்தியிருப்பான் என்று நினைத்துக் கேட்டேன்.

“வார்டுக்கு அனுப்பிட்டேனே” என்றான், சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு.

“கோணலாவேவா?”

“வாசம் இல்லாம இருந்தா சரி” என்றான். “கோணலா இருந்தா தூக்கம் வராதா என்ன?”